பொங்கலுக்கு அடித்த பெயின்ட் பங்குனிக்குள் உரிவது ஏன்? பாம்பன் வீடுகளும் உப்புக்காற்றும்: ஒரு விளக்கம்

தை பிறப்பதற்கு முன்பு வீட்டைப் புதுசாக்கிவிட வேண்டும் என்பது தமிழ்நாடு முழுக்க இருக்கும் வழக்கம். ஒட்டடை அடித்து, பழைய சாமான்களைக் கழித்து, சுவருக்கு வெள்ளையடித்தால்தான் பொங்கல் வந்த மாதிரியே இருக்கும். பாம்பன், தங்கச்சிமடம் பக்கம் பல வீடுகளில் இந்த வேலை இன்னும் முன்னாடியே, கிறிஸ்துமஸுக்கே தொடங்கிவிடும்.

ஆனால் ஆசை ஆசையாக அடித்த பெயின்ட் மாசி முடிவதற்குள் கொப்புளம் கொப்புளமாக எழும்பும். விரலால் அழுத்தினால் அப்பளம் போல உடையும். உள்ளே மாவு மாதிரி வெள்ளைப் பொடி கொட்டும். பங்குனியில் பார்த்தால் சுவரின் கீழ்ப்பாதி பழையபடி சொட்டைதான்.

"மட்டமான பெயின்ட்டைக் கொடுத்துட்டாங்க" என்று கடைக்காரருக்கும், "ஒரு கோட்டிங் குறைச்சு அடிச்சுட்டான்" என்று பெயின்டருக்கும் திட்டு விழும். பெரும்பாலான நேரம் தப்பு இவர்கள் இருவர் மேலும் இல்லை. வேலை ஆரம்பித்த தேதி மேல்தான்.

வீட்டைப் புதுப்பிக்கச் சரியான நேரம் எது? கடலோரச் சுவருக்குள் என்னதான் நடக்கிறது? பெயின்ட்டை விட அவசரமாகப் பார்க்க வேண்டியது என்ன?

பாம்பனில் வசந்தம் எப்போது?

பருவம் மாறும்போது வீட்டைச் சுத்தம் செய்வது உலகம் முழுக்க இருக்கும் பழக்கம். ஈரானில் மார்ச் மாதம் வரும் நவ்ரோஸ் புத்தாண்டுக்கு முன்பு வீட்டையே தலைகீழாகப் புரட்டிச் சுத்தம் செய்வார்கள். அதற்கு அவர்கள் மொழியில் 'வீட்டை உலுக்குதல்' என்றே பெயர். சீனர்களும் தங்கள் புத்தாண்டுக்கு முன்பு வீட்டைப் பெருக்கித் துடைப்பார்கள். குளிர் நாடுகளில் மாதக்கணக்கில் அடைத்து வைத்த ஜன்னலைத் திறக்கும் நேரம் அது.

பாம்பனில் ஜன்னலை அடைத்து வைப்பது குளிருக்காக இல்லை, சாரலுக்காக. தமிழ் மரபுப்படி இளவேனில் என்பது சித்திரையும் வைகாசியும். ஆனால் இந்தத் தீவில் சுவருக்கு வசந்தம் என்றால் அது தை பாதியில் தொடங்கி பங்குனி வரைக்கும்தான். காரணம் காற்று.

பாம்பனுக்கு இரண்டு பக்கமும் கடல். வடக்கே பாக் நீரிணைப் பகுதி, தெற்கே மன்னார் வளைகுடா. மீனவர்கள் பேச்சில் வடகடல், தென்கடல். ஐப்பசி முதல் மார்கழி வரை வடகிழக்குப் பருவமழையும் வாடைக்காற்றும் வடகடலைக் கொந்தளிக்க வைக்கும். வைகாசி வாக்கில் தென்மேற்குக் காற்று, இவர்கள் சொல்லும் கச்சான், கிளம்பினால் தென்கடல் கொந்தளிக்கும். அதற்குத் தகுந்த மாதிரி படகுகளை ஒரு கரையில் இருந்து இன்னொரு கரைக்கு மாற்றிக் கட்டுவது இங்கே சகஜம்.

படகை மாற்றிக் கட்டலாம், வீட்டை மாற்றிக் கட்ட முடியாது இல்லையா? அதனால் ஒரே வீட்டில் வடக்கு, கிழக்குச் சுவர்கள் மழைக்காலத்தில் அடி வாங்கும். தெற்கு, மேற்குச் சுவர்கள் கச்சானில் அடி வாங்கும். இந்த இரண்டுக்கும் நடுவில் மழையும் இல்லாமல், காற்றும் ஓரளவு அடங்கி, வெயில் அடிக்கும் இடைவெளி இரண்டரை, மூன்று மாதம்தான். சுவர் வேலைக்கான காலம் அதுதான்.

பொங்கல் இந்த இடைவெளியின் வாசலில் வருகிறது. அங்கேதான் சிக்கல். மழை விட்டு ரெண்டு மூணு வாரம்கூட ஆகியிருக்காது. 9 அங்குலச் சுவர் நன்றாக நனைந்திருந்தால் அந்த அவகாசத்தில் மேல்தோல் காயும், உள்ளே காயாது. 2024 நவம்பர் 20-ஆம் தேதி பாம்பனில் மூன்றே மணி நேரத்தில் 19 செ.மீ. மழை கொட்டித் தீர்த்தது. அன்று ராமேஸ்வரத்தில் பதிவானது 40 செ.மீ.க்கும் மேல். அப்படி ஒரு நாள் குடித்த தண்ணீரைச் சுவர் எப்போது வெளியே விடும் என்று யோசித்துப் பாருங்கள்.

சுவருக்குள் என்ன நடக்கிறது?

வெறும் தண்ணீர் என்றால் காய்ந்ததும் கதை முடிந்துவிடும். கடலோரத்தில் தண்ணீரோடு உப்பும் சேர்ந்து வருகிறது. ஒரு லிட்டர் கடல்நீரில் சுமார் 35 கிராம் உப்பு இருக்கிறது. அலை உடையும்போது சிதறும் மிக நுண்ணிய துளிகளைக் காற்று தூக்கிக்கொண்டு வந்து சுவர், ஜன்னல், கொடியில் காயும் துணி என எல்லாவற்றிலும் படிய வைக்கிறது. பாம்பனில் பைக் கண்ணாடியை விரலால் தொட்டு நாக்கில் வைத்தால் கரிக்கும்.

உப்பு இரண்டு வழியில் சுவரைக் கெடுக்கிறது.

முதல் வழி எல்லார் சமையலறையிலும் பார்த்ததுதான். மழை நாளில் திறந்து வைத்த கல் உப்பு ஜாடி கசிந்து ஈரமாகிவிடும். காற்றின் ஈரப்பதம் சுமார் 75 சதவீதத்தைத் தாண்டினால் சாதாரண உப்பு காற்றில் இருக்கும் ஈரத்தை இழுத்துத் தானே கரைய ஆரம்பிக்கும். கடல் உப்பில் கலந்திருக்கும் மெக்னீசியம் குளோரைடு அதைவிட ரொம்பக் குறைந்த ஈரப்பதத்திலேயே தண்ணீரை இழுக்கும். உப்பு ஏறிய சுவர் மழை பெய்யாத நாளிலும் நசநசவென்று இருப்பது இதனால்தான். மேலே குழாய் ஒழுகுது, பாத்ரூம் கசியுது என்று தேடுவார்கள். ஒழுகலே இருக்காது. சுவரே காற்றில் இருந்து தண்ணீர் குடித்துக்கொண்டிருக்கும்.

இரண்டாவது வழிதான் மோசமானது. பகல் வெயிலில் ஈரம் ஆவியாகும்போது கரைந்த உப்பு மறுபடி படிகமாகிறது. செங்கல்லிலும் பூச்சிலும் இருக்கும் கண்ணுக்குத் தெரியாத துளைகளுக்குள் இந்தப் படிகம் வளரும்போது சுற்றி இருப்பதை நெட்டித் தள்ளும். ராத்திரி ஈரக்காற்றில் கரையும், பகலில் திரும்ப இறுகும். தினம் தினம் இப்படி நடந்தால் சிமென்ட் பூச்சு மணலாக உதிர ஆரம்பிக்கும். படிகம் சுவரின் மேல்தோலில் வந்தால் வெள்ளையாகப் பூத்துத் தெரியும். இதைத்தான் சுவர் பொரிந்துவிட்டது, உப்பு பூத்துவிட்டது என்கிறோம்.

இப்போது அந்தச் சுவர் மேல் பளபளவென்று எமல்ஷன் பெயின்ட் அடித்தால் என்ன ஆகும்? அந்தப் பெயின்ட் மெல்லிய பிளாஸ்டிக் தாள் மாதிரி. ஈரம் எளிதில் வெளியே போக வழி இல்லை. உப்பு பெயின்ட்டுக்குப் பின்னால் வந்து படிகமாகி, பெயின்ட்டையே முன்னால் தள்ளும். கொப்புளம் வருவது அப்படித்தான். விலை உயர்ந்த, 'தண்ணீர் புகாத' பெயின்ட் அடித்த சுவரில் சில சமயம் பாதிப்பு அதிகமாகத் தெரிவதற்கும் காரணம் இதுதான். வெளியே இருந்து தண்ணீர் வராமல் தடுத்தது சரி, உள்ளே மாட்டிக்கொண்ட தண்ணீரையும் அல்லவா தடுத்துவிட்டது!

சுவர் காய்ந்துவிட்டதா? ஒரு நாள் சோதனை

கையை வைத்துப் பார்த்து "காஞ்சிருச்சு" என்று சொல்வதை நம்ப முடியாது. செலவில்லாத ஒரு சோதனை இருக்கிறது. ஒன்றரை அடிக்கு ஒன்றரை அடி தடிமனான, கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் தாளை எடுத்து, சுவரில் நாலு பக்கமும் காற்றுப் புகாதபடி டேப் ஒட்டி, ஒரு ராத்திரி முழுக்க, முடிந்தால் ஒரு நாள் அப்படியே விடுங்கள். பிரிக்கும்போது தாளின் உள்பக்கம் முத்து முத்தாகத் தண்ணீர் நின்றால், அல்லது மூடிய இடத்தில் சுவர் கறுத்திருந்தால், ஈரம் சுவருக்குள் இருக்கிறது. பெயின்ட் டப்பாவைத் திறக்க வேண்டாம்.

தாளின் வெளிப்பக்கம் மட்டும் நனைந்திருந்தால் அது காற்றின் ஈரம். ஜன்னலைத் திறந்து காற்றோட்டம் கொடுத்தாலே பாதி சரியாகும். சோதனையைத் தரையில் இருந்து முழங்கால் உயரத்தில் ஒன்று, தலை உயரத்தில் ஒன்று என இரண்டு இடத்தில் செய்வது நல்லது. கீழே மட்டும் ஈரம் என்றால் அஸ்திவாரம் வழியாக நிலத்து ஈரம் மேலே ஏறுகிறது என்று பொருள். மேலே மட்டும் ஈரம் என்றால் மொட்டை மாடியைப் போய்ப் பாருங்கள். தண்ணீர் வெளியேறும் குழாய்வாயை இலையும் காக்கைக் கூட்டுக் குச்சியும் அடைத்திருப்பது அடிக்கடி நடப்பது.

உப்பு பூத்த சுவரை என்ன செய்வது?

முதலில் செய்யக் கூடாதது: வாளித் தண்ணீரை ஊற்றிக் கழுவுவது. பூத்திருக்கும் உப்பு அந்தத் தண்ணீரில் கரைந்து மறுபடி சுவருக்குள்ளேயே போய்விடும். காய்ந்த பிரஷ்ஷால் சுரண்டி, விழும் பொடியை முறத்தில் அள்ளி வீட்டுக்கு வெளியே தூரப் போட வேண்டும். ரெண்டு வாரம் விட்டு மறுபடி பூத்தால் மறுபடி சுரண்ட வேண்டும். பொறுமை வேண்டிய வேலைதான்.

ஆசிட் ஊற்றித் தேய்ப்பது இன்னும் மோசம். கடையில் கிடைக்கும் பாத்ரூம் ஆசிட் பெரும்பாலும் ஹைட்ரோகுளோரிக் அமிலம். உப்பை எடுக்கிறேன் என்று அதே குளோரைடைத்தான் சுவருக்குள் திரும்ப ஊற்றுகிறோம். அதன் ஆவி பக்கத்தில் இருக்கும் இரும்பு, எவர்சில்வரையும் கெடுக்கும். ஆசிட்டையும் பிளீச்சிங் பவுடரையும் ஒன்றாகக் கலந்தால் குளோரின் வாயு வரும். அடைத்த பாத்ரூமுக்குள் அது உயிருக்கே ஆபத்து.

பூச்சு உதிர்கிற அளவுக்குப் போயிருந்தால் ஈரக்கோட்டுக்கு மேல் ஒரு அடி வரை கொத்தி எடுத்துவிட்டு, செங்கல்லைச் சில வாரம் காய விட்டு, புதுப் பூச்சு பூச வேண்டும். இங்கே ஒரு விஷயத்தில் கறாராக இருக்க வேண்டும்: மணலும் தண்ணீரும். கடற்கரை மணலை அள்ளி வந்து பூசினால் உப்பை நாமே சுவருக்குள் வைத்துப் பூசுகிறோம் என்று அர்த்தம். தண்ணீரும் அப்படித்தான். பாம்பன் தீவில் மணலுக்கு அடியில் மழைநீர் கடல்நீருக்கு மேல் மிதப்பது போலத் தேங்கி நிற்கும். அதனால் ஒரு கிணறு இனிக்கும், நாலு வீடு தள்ளி இன்னொன்று கரிக்கும். கம்பி போட்ட கான்கிரீட்டுக்குக் கலக்கும் தண்ணீரில் குளோரைடு லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்கு மேல் போகக் கூடாது என்கிறது இந்தியத் தர நிர்ணயமான ஐ.எஸ். 456. வாயில் வைத்துக் கரித்தால் அந்தத் தண்ணீர் வேண்டாம் என்பது வீட்டுக் கணக்கு. பெரிய வேலை என்றால் குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வகத்தில் தண்ணீரைக் கொடுத்துப் பரிசோதித்துவிடலாம்.

சுண்ணாம்பா, பெயின்ட்டா?

இந்தக் கேள்விக்கு ஊர்ப் பெரியவர்கள் சொல்லும் பதிலுக்குப் பின்னால் அறிவியல் இருக்கிறது. சுண்ணாம்பு சுவரை அடைக்காது. நீற்றிய சுண்ணாம்பைச் சுவரில் அடித்ததும் அது காற்றில் இருக்கும் கரியமில வாயுவை இழுத்து மறுபடி சுண்ணாம்புக் கல்லாகவே இறுகுகிறது. அந்தப் படலத்தில் நுண்துளைகள் இருப்பதால் உள்ளே இருக்கும் ஈரம் வெளியேறிக்கொண்டே இருக்கும். உப்பு வந்தாலும் மேலே பூக்கும், துடைத்துவிட்டு அடுத்த வருஷம் இன்னொரு கோட்டிங் அடித்தால் போதும். அதோடு புதுச் சுண்ணாம்பின் காரத்தன்மை மிக அதிகம், பூஞ்சை பிழைக்காது. மழைக்காலம் முடிந்து மூலைகளில் கறுப்பாகப் படர்ந்திருக்கும் பூஞ்சைக்கு இது நல்ல மருந்து.

அடிக்கும் முறையில் சில நுணுக்கம் உண்டு. தடிமனாக ஒரு தடவை அடிப்பதை விட, நீர்க்க மூன்று தடவை அடிப்பதே நிற்கும். சுவரை லேசாக நனைத்துவிட்டு அடிக்க வேண்டும். கையில் ஒட்டாமல் இருக்க வடிகஞ்சியோ பசையோ சேர்ப்பார்கள். கண்ணைப் பறிக்கும் வெள்ளைக்குக் கொஞ்சம் நீலம். சில ஊர்களில் சீக்கிரம் இறுகட்டும் என்று கல் உப்பும் சேர்ப்பது உண்டு. பாம்பனில் அந்தக் கைப்பக்குவம் தேவையில்லை, காற்றே அதைப் பார்த்துக்கொள்ளும்.

சுட்ட சுண்ணாம்புக் கல்லில் தண்ணீர் ஊற்றும்போது அது கொதித்துத் தெறிக்கும். குழந்தைகளைப் பக்கத்தில் விடக் கூடாது. பிளாஸ்டிக் வாளியில் நீற்றக் கூடாது. கண்ணில் தெறித்தால் கசக்காமல், ஓடும் நல்ல தண்ணீரில் குறைந்தது 15, 20 நிமிடம் கழுவிவிட்டு உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். சுண்ணாம்பு பட்டால் பார்வையே போகலாம், அதனால் இதில் மட்டும் அலட்சியம் வேண்டாம்.

சுண்ணாம்பு என்றால் பாம்பனுக்கு இன்னொரு பழைய கதையும் இருக்கிறது. ஒரு காலத்தில் இந்தக் கரையில் வீடு கட்டக் கல்லும் பவளப்பாறைதான், சுண்ணாம்பும் பவளப்பாறைதான். முருகைக்கல் என்று சொல்வார்கள். கடலில் இருந்து வெட்டி எடுத்து, சுவராக அடுக்கினார்கள், சூளையில் சுட்டுச் சுண்ணாம்பாக்கினார்கள். 1964 டிசம்பர் புயலில் சிதைந்த தனுஷ்கோடி தேவாலயத்தின் சுவரைப் பக்கத்தில் நின்று பார்த்தால் அந்தக் கல்லின் துளைகள் இன்றும் தெரியும்.

அதற்குக் கடல் கொடுத்த விலை பெரிது. மன்னார் வளைகுடாவில் இருந்த பூவரசன்பட்டி, விலாங்குச்சல்லி என்ற இரண்டு தீவுகள் கடலுக்குள் மூழ்கிப்போனதற்கு, அரணாக இருந்த பவளப்பாறையை வெட்டி எடுத்தது முக்கியக் காரணமாகச் சொல்லப்படுகிறது. 1986-ல் இந்தத் தீவுகள் மன்னார் வளைகுடா கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டன. 2001-ல் பவளப்பாறைகள் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்க்கப்பட்டன. அதாவது புலிக்கு இருக்கும் அதே பாதுகாப்பு. இன்று ஒரு துண்டு முருகைக்கல்லை எடுத்தாலும் குற்றம். பழைய வீட்டை இடித்த கல் என்று யாராவது விற்க வந்தாலும் வாங்காமல் இருப்பதே புத்திசாலித்தனம். கிளிஞ்சல் சுண்ணாம்பும், சுண்ணாம்புக் கல்லில் செய்த பாக்கெட் சுண்ணாம்பும் கடையிலேயே கிடைக்கின்றன.

பெயின்ட்டே வேண்டும் என்பவர்கள் சுவர் நன்றாகக் காய்ந்த பிறகு, ஈரத்தை வெளியே விடக்கூடிய வகையா என்று கேட்டு வாங்கலாம். வீட்டுப் பெயின்ட்டில் காரீயம் 90 பி.பி.எம்., அதாவது பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது என்ற விதி 2017 நவம்பர் முதல் அமலில் இருக்கிறது. டப்பாவில் அந்த விவரம் இருக்க வேண்டும். அதற்கு முன்பு அடித்த பழைய எனாமலைக் கதவில் இருந்து சுரண்டும்போது காய்ந்த தூசி பறக்காமல், நனைத்து உப்புத்தாள் போடுங்கள்.

கடலோர வீடுகளுக்கு மட்டும் ஒரு கூடுதல் எச்சரிக்கை. படகுக்கு வாங்கிய பெயின்ட்டில் மிச்சம் இருந்தால் அது வீட்டுக் கதவுக்குப் போவது சாதாரணமாக நடப்பதுதான். மேல்பக்கத்துக்கு அடிக்கும் எனாமல் என்றால் வெளிக்கதவுக்குப் பரவாயில்லை. படகின் அடிப்பாகத்தில் பாசி, கொட்டலசு ஒட்டாமல் இருக்க அடிக்கும் பூச்சில் செம்புச் சேர்மங்கள் போன்ற நச்சு கலந்திருக்கும். அது வீட்டுக்குள் வரவே கூடாது.

தலைக்கு மேல் பார்த்தீர்களா?

சுவர் உரிந்தால் அசிங்கம், அவ்வளவுதான். கூரை உரிந்தால் உயிர் போகும். பண்டிகைக்கு வீட்டைப் புதுப்பிக்கும்போது பெரும்பாலோர் செய்யும் தப்பு, விட்டத்தில் தெரியும் விரிசலை ஒயிட் சிமென்ட்டும் பட்டியும் பார்த்து மறைத்துவிடுவது.

கான்கிரீட்டுக்குள் இருக்கும் கம்பி சாதாரணமாகத் துருப்பிடிக்காது. சிமென்ட்டின் காரத்தன்மை கம்பியைச் சுற்றி மெல்லிய காப்புப் படலத்தை உண்டாக்கி வைத்திருக்கும். உப்பில் இருக்கும் குளோரைடு கான்கிரீட்டுக்குள் ஊறிக் கம்பியைத் தொட்டதும் அந்தப் படலம் உடைகிறது. துரு ஆரம்பிக்கிறது. துரு என்பது பழைய இரும்பை விட இரண்டு முதல் ஆறு மடங்கு வரை அதிக இடம் கேட்கும். உள்ளே இடம் இல்லாததால் கான்கிரீட்டை வெடிக்க வைத்துக்கொண்டு வெளியே வரும். தூங்குகிறவர் மேல் காரை பெயர்ந்து விழுவது என்பது இந்தக் கதையின் கடைசிக் கட்டம். அதற்குப் பல வருஷம் முன்பே அறிகுறிகள் தெரியும்.

கூரையில் நேர்கோடாக, ஏறக்குறைய ஒரே இடைவெளியில் பழுப்புக் கறையோ விரிசலோ ஓடினால் அது கம்பி போகும் பாதை. நீளமான குச்சியால் தட்டிப் பாருங்கள். 'டங்' என்று கேட்டால் நல்லது, 'டொப்' என்று உள்ளீடற்ற சத்தம் கேட்டால் அந்த இடம் கழன்று நிற்கிறது. கட்டிலையும் தொட்டிலையும் அந்த நிமிடமே நகர்த்திவிட வேண்டும். மின்விசிறி மாட்டிய கொக்கியைத் தனியாகப் பார்ப்பது அவசியம். ஓடும் விசிறியைத் தாங்குவது அந்த ஒரு கம்பிதான், அதுவும் துருப்பிடிக்கும்.

இந்த நிலையில் மேலே சிமென்ட் பூசினால் என்ன ஆகும்? பூசிய இடம் நன்றாக இருக்கும், அதற்குப் பக்கத்தில் வெடிக்கும். துருப்பிடித்த கம்பியைச் சுத்தம் செய்யாமல் புதுச் சிமென்ட் வைத்தால், உப்பு ஏறிய பழைய பகுதியில் துரு தொடர்ந்துகொண்டே இருக்கும். முறையான வேலை என்றால் கழன்ற கான்கிரீட்டைக் கம்பியின் பின்பக்கம் தெரியும் வரை கொத்தி எடுத்து, துருவைச் சுத்தமாகத் தேய்த்து, துரு தடுக்கும் பூச்சு கொடுத்து, பாலிமர் கலந்த கலவையால் நிரப்ப வேண்டும். கம்பி பாதியாக இளைத்துப் போயிருந்தால் கொத்தனார் மட்டும் போதாது, கட்டடப் பொறியாளரைக் காட்டியே ஆக வேண்டும்.

புதுசாக மாடி எடுப்பவர்களுக்கு: கடலோரச் சூழலைக் 'கடுமையானது' என்றே ஐ.எஸ். 456 வகைப்படுத்துகிறது. அங்கே குறைந்தது எம்30 தரக் கான்கிரீட்டும், கம்பிக்கு மேல் 45 மில்லிமீட்டர் மூடாக்கும் வேண்டும். அலைத்துளி நேரடியாகத் தெறிக்கும் இடம் என்றால் எம்35, 50 மில்லிமீட்டர். உள்ளூரில் வழக்கமாக விடும் முக்கால் அங்குலம், ஒரு அங்குலம் மூடாக்கு கடற்கரையில் போதாது. இதைக் கம்பி கட்டும் அன்றைக்கே நின்று பார்க்க வேண்டும். கான்கிரீட் போட்ட பிறகு யாராலும் எதுவும் செய்ய முடியாது.

பாலம் செய்வதை வீட்டில் செய்ய முடியுமா?

பாம்பன்காரர்களுக்குத் துருவைப் பற்றிப் பாடம் எடுக்க வேண்டியதில்லை. கண் முன்னால் பாலம் நிற்கிறது. 1914 பிப்ரவரியில் திறந்த பழைய ரயில் பாலத்தில் நூறு வருஷத்துக்கும் மேலாக, 2022 டிசம்பர் வரை ரயில் ஓடியதற்குக் காரணம் ஓயாமல் நடந்த பராமரிப்பு. 2025 ஏப்ரல் 6-ஆம் தேதி திறக்கப்பட்ட புதுப் பாலத்தில் துருப்பிடிக்காத எஃகுக் கம்பி, முழுக்க வெல்டிங் செய்த இணைப்புகள், பாலிசிலாக்ஸேன் என்ற விசேஷப் பூச்சு என எல்லாம் இந்த உப்புக்காற்றை மனதில் வைத்தே செய்யப்பட்டவை. காரைக்குடியில் இருக்கும் மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் மண்டபத்தில் ஒரு பிரிவு வைத்திருப்பதும் சும்மா இல்லை. உலோகம் எவ்வளவு சீக்கிரம் அரிக்கும் என்று பார்க்க இதைவிடத் தோதான இடம் எது?

வீட்டு ஜன்னல் கம்பிக்குப் பாலிசிலாக்ஸேன் வாங்க வேண்டாம். ஆனால் பாலத்தில் கடைப்பிடிக்கும் வரிசையை அப்படியே எடுத்துக்கொள்ளலாம். முதலில் நல்ல தண்ணீரில் உப்பைக் கழுவுவது (சுவருக்குத்தான் தண்ணீர் ஆகாது, இரும்புக்கு ஆகும்). காய்ந்ததும் கம்பி பிரஷ்ஷாலும் உப்புத்தாளாலும் இரும்பு மின்னும் வரை தேய்ப்பது. அன்றைக்கே ப்ரைமர். "நாளைக்கு அடிச்சுக்கலாம்" என்று ஒரு ராத்திரி விட்டால் போச்சு, கண்ணுக்குத் தெரியாத உப்பு திரும்பப் படிந்திருக்கும். அதன் மேல் இரண்டு கோட்டிங். மூலைகள், வெல்டிங் வைத்த இடம், திருகு இருக்கும் இடம் ஆகியவற்றுக்கு முதலில் தனியாகப் பிரஷ்ஷால் ஒரு கோடு. துரு எப்போதும் அங்கேதான் ஆரம்பிக்கும்.

எவர்சில்வர் கைப்பிடி போட்டும் பொட்டு பொட்டாகத் துரு வருகிறதே என்று கேட்பவர்களுக்கு: சாதாரணமாகக் கிடைப்பது 304 ரகம். கடலோரத்துக்குச் சற்றே விலை கூடிய, மாலிப்டினம் கலந்த 316 ரகம்தான் ஏற்றது. அதையும் மாதம் ஒரு முறை நல்ல தண்ணீரில் துடைக்க வேண்டும்.

கையோடு மின்பெட்டியில் இருக்கும் ஆர்.சி.சி.பி.யின் 'டெஸ்ட்' பட்டனை ஒரு முறை அழுத்திப் பாருங்கள். மின்சாரம் நின்றால் அது வேலை செய்கிறது. ஈரச் சுவரும் துருப்பிடித்த எர்த் கம்பியும் சேர்ந்த வீட்டில் அந்தச் சின்னப் பட்டன்தான் காவல். கேஸ் டியூபில் அச்சிட்டிருக்கும் தேதியையும் பாருங்கள். ஐந்து வருஷம் ஆகியிருந்தால் மாற்ற வேண்டும்.

கழித்த சாமான்களை எரிக்கலாமா?

கூடாது. போகிக்குப் பழைய பாயும் ஓலையும் எரித்த காலம் வேறு. இப்போது வீட்டைக் கழித்தால் வெளியே வருவது நைலான் வலைத்துண்டு, தெர்மாகோல் மீன்பெட்டி, உடைந்த பிளாஸ்டிக் கூடை. எரித்தால் நச்சுப் புகை. கடலில் போட்டால் அந்த வலைத்துண்டு ஆமைக்கும் நாளைக்கு நம் படகின் விசிறிக்கும்தான் சுற்றும். கட்டி ஊராட்சித் தூய்மைப் பணியாளரிடம் கொடுப்பதே வழி.

தண்ணீர் பிடித்து வைக்கும் டிரம்மைக் கவிழ்த்துக் காய வைத்தால் மட்டும் போதாது. டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசுவின் முட்டை டிரம்மின் உள்சுவரில், தண்ணீர் மட்டத்துக்கு மேல் ஒட்டியிருக்கும். காய்ந்தும் பல மாதம் உயிரோடு இருக்கும். திரும்பத் தண்ணீர் பட்டதும் பொரியும். நாரால் அழுத்தித் தேய்த்துக் கழுவினால்தான் போகும்.

காசுக்கு என்ன வழி?

கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகு கடலுக்குப் போகாது. தடைக்கால நிவாரணத்தை 5,000 ரூபாயில் இருந்து 8,000 ரூபாயாக உயர்த்தும் அறிவிப்பு 2023 ஆகஸ்ட்டில் மண்டபத்தில் நடந்த மீனவர் மாநாட்டில்தான் வந்தது. ஆட்கள் வீட்டில் இருக்கும் காலம் என்பதால் வீட்டு வேலையைத் தடைக்காலத்துக்குத் தள்ளுபவர்கள் உண்டு. ஆனால் அப்போது கையில் காசு இருக்காது, வைகாசியில் கச்சானும் கிளம்பிவிடும். அதனால் வெளிச்சுவர் வேலையை மாசி, பங்குனியில் முடித்துவிட்டு, உள்வேலையையும் கதவு ஜன்னலையும் மட்டும் தடைக்காலத்துக்கு வைத்துக்கொள்வது தோதாக இருக்கும்.

அரசுத் திட்டத்தில் கிடைத்த பழைய தொகுப்பு வீட்டில் இருப்பவர்கள் ஊராட்சி ஒன்றிய அலுவலகத்தில் விசாரிப்பது நல்லது. 2001-க்கு முன்பு அரசுத் திட்டங்களில் கட்டிய ஊரக வீடுகளைப் பழுதுபார்க்கத் தமிழ்நாடு அரசு 2024-ல் தனித் திட்டம் அறிவித்தது. குடிசையில் இருப்பவர்களுக்குக் கலைஞரின் கனவு இல்லம் திட்டத்தில் 360 சதுர அடி வீட்டுக்கு மூன்றரை லட்சம் ரூபாய் என்பது கணக்கு. பாம்பன் ஊராட்சி வருவது மண்டபம் ஒன்றியத்தில்.

இந்த வருஷம் கையில் கொஞ்சம்தான் இருக்கிறது, எதை முதலில் செய்வது என்று கேட்டால் வரிசை இதுதான். முதலில் கூரையைத் தட்டிப் பார்த்து, கழன்றதை இறக்குவது. அடுத்து மாடித் தண்ணீர் வெளியேறும் வழி. பிறகு விசிறிக் கொக்கியும் மின் இணைப்பும். அதற்குப் பிறகு ஜன்னல் கம்பி. சுவருக்கு ரெண்டு மூட்டை சுண்ணாம்பு. வரவேற்பறைக்குப் பிடித்த கலரை அடுத்த தை வரைக்கும் தள்ளிப் போடலாம், அதற்குள் சுவரும் காய்ந்துவிடும்.